பழைய கார் வாங்குமுன்

பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவர் பலர், படிப்பு முடியும் தறுவாயிலோ வேலையில் அமர்ந்த முதலாண்டிலோ, என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாள்தோறும் போய்வர, டிக்கியுள்ள செடான் கார் ஒன்று பழையதாக வாங்க வேண்டும். விலையும் குறைவாக இருக்க வேண்டும். வழியில் நின்று தொல்லையும் தரலாகாது. எதை வாங்கலாம்?" என்பதே அது. இயந்திரப் பொறியியல் படிப்பவன் என்ற ஒரே காரணத்தால் இக்கேள்வி என்னை வந்தடைகிறது. தனித்தனியே பலருக்குச் சொன்னதை ஓரிடத்தில் தொகுத்துச் சொன்னால் அனைவர்க்கும் பயன்படுமென்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

மலிவு என்பது இருவகைப்படும். ஒன்று விலையில் மலிவு. மற்றொன்று செலவில் மலிவு. முன்னது வாங்கும் நாளில் தெரிவது. பின்னது மூன்றாண்டு ஓட்டிய பிறகே தெரிவது. முன்னதைத் தேடிப் போய்ப் பின்னதை இழப்பவரே மிகுதி. "சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்" என்ற பழமொழி, பழைய கார் வாங்குவோரை எண்ணியே பிறந்தது போலும்! நாம் செலவிடப் போவது பெரும்பாலும் பெற்றோரின் சேமிப்பு; இல்லையேல் பல்லாண்டு அடைக்க வேண்டிய வங்கிக் கடன். ஆதலால் பொறுமையோடு ஆராய்தல் நம் கடமையாகிறது.

கார் தேவைதானா?

முதற்கண் இவ்வினாவிற்கு விடை காண்போம். டாம்டாம் நிறுவனம் 2023-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, பெங்களூரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் செல்லச் சராசரியாக 28 நிமிடம் 10 வினாடி ஆயிற்று. சைக்கிளில் விரைந்து செல்பவரும் ஏறத்தாழ இந்த வேகத்தில் சென்றுவிடுவார்! மெட்ரோவின் ஊதா வழித்தடம் 2023 அக்டோபரிலிருந்து சல்லகட்டா முதல் ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடுகிறது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திராவுக்குச் செல்லும் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உங்கள் இருப்பிடமும் பணியிடமும் இவ்வழிகளை ஒட்டியிருந்தால், காருக்கான பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

அவ்வாறு அமையாதவர்களும், முதிய பெற்றோரை உடன் வைத்திருப்பவர்களும் உளர். அவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் எனக் கொண்டால் 1,000 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு ஏறத்தாழ 71 லிட்டர் வேண்டும். 10 கிலோமீட்டரே தருவதற்கு 100 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 2,900 ரூபாய் வேறுபாடு. மூன்றாண்டில் அது ஒரு லட்சத்தைத் தாண்டும். வாங்கும்போது பேரம்பேசிக் குறைத்த பத்தாயிரம் இதன்முன் எம்மாத்திரம்?

பெட்ரோலா, டீசலா?

பெங்களூரின் நெரிசலில் நாள்தோறும் குறைந்த தொலைவு செல்வோர்க்குப் பெட்ரோல் வண்டியே ஏற்றது என்பது என் கருத்து. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்கேற்ப அமைந்த டீசல் கார்களில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. தேங்கிய துகள்கள் எரிந்து அது தூய்மையாவதற்கு வண்டி அவ்வப்போது தடையின்றிச் சற்று நெடுந்தொலைவு ஓட வேண்டும். சில்க்போர்டு சந்திப்பில் நின்று நின்று ஊர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், செலவு பெரிதாகும். பழைய டீசல் வண்டியில் இவ்வடிகட்டி இராது. ஆயினும் அதன் டர்போவும் இன்ஜெக்டரும் பழுதுற்றால் பழுது பார்க்கும் செலவு பெட்ரோல் வண்டியைவிட மிகும். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குமேல் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்க்கு இக்கணக்கு மாறும்.

எந்த வண்டி?

உதிரிப்பாகம் மூலைக் கடையிலும் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் மெக்கானிக் தெருவுக்கொருவர் இருக்க வேண்டும். நம்பகம் என்பது இதில் பாதி அடங்கியிருக்கிறது. இவ்வகையில் மாருதி டிசையருக்கு முதலிடம் தரலாம். 2008-இல் அறிமுகமான இவ்வண்டியை அறியாத மெக்கானிக் இல்லை. குறையும் உண்டு: தேவை மிகுதியாதலால் பழைய டிசையரின் விலை எளிதில் இறங்குவதில்லை, வாடகை வண்டியாக ஓடித் தேய்ந்தவையும் பல.

அடுத்தது டொயோட்டா எத்தியோஸ். நம் நகரை அடுத்த பிடதித் தொழிற்சாலையில் உருவாகி 2010 டிசம்பரில் வெளிவந்தது. 2020-இல் உற்பத்தி நின்றது. அழகு குறைவு, இடவசதி நிறைவு. நிறுவனம் நாட்டில் நிலைத்திருப்பதால் பாகங்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2013-இல் வந்த ஹோண்டா அமேஸ், 2014-இல் வந்த ஹூண்டாய் எக்ஸென்ட் ஆகியவற்றின் பெட்ரோல் வகைகளும் கருதத்தக்கவை. செவ்ரோலெட் கார்களின் விற்பனை 2017-இல் இந்தியாவில் நின்றது. இங்குக் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்தது. அவ்விரு நிறுவனங்களின் கார்கள் இன்று மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுவே. அவை தரத்தில் தாழ்ந்தவை அல்ல; எனினும், காலையில் ஒன்பது மணிக்கு வேலைக்குச் சென்றாக வேண்டியவன், ஒரு பாகத்திற்காக வாரக்கணக்கில் காத்திருக்க முடியுமா?

உயிர்க்காப்பையும் மறத்தலாகாது. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் அவ்வாண்டு ஏப்ரலிலேயே கட்டாயமாயிற்று. பணம் இடங்கொடுத்தால் இக்காலத்துக்குப் பிந்திய வண்டியையே தேடுங்கள். முந்தியதாயின், அவை இரண்டும் உள்ள வகைதானா என்று கேட்டறியுங்கள்.

விலை பேசுமுன் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்குவதுதானே முறை? விற்பவர் பழைய விலையைச் சொல்லி ஒப்பிடுவார்; நீங்கள் இன்றைய விலையைச் சொல்லிப் பேசுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவெண்

நம் மாணவர்கள் எளிதில் மயங்கும் இடம் இது. ஓசூரிலோ சேலத்திலோ உறவினர் வழியாக ஒரு வண்டி வரும். பெங்களூர் விலையைவிட ஐம்பதாயிரம் குறைவு என்பார்கள். தெரிந்தவர் வண்டி என்பதால் மனமும் இசையும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று வேண்டும். கர்நாடகத்தின் ஆயுள் வரியும் கட்ட வேண்டும். நாட்டிலேயே உயர்ந்த வரி விதிக்கும் மாநிலங்களுள் கர்நாடகம் ஒன்று. வண்டியின் விலையையும் வயதையும் பொறுத்து அமையும் அவ்வரி, மலிவாகத் தோன்றிய ஐம்பதாயிரத்தை விழுங்கிவிடக்கூடும். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். அது கைக்கு வரும்வரை அலைச்சல் நம்முடையது. ஆகவே, வரியைக் கணக்கிட்டுக் கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் மட்டுமே அவ்வண்டியை வாங்குங்கள்.

இரும்புக்கு முன் தாள்

வண்டியைப் பார்க்குமுன் அதன் தாள்களைப் பார்க்க வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொண்டு பல செய்திகளை அறியலாம். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் இருந்தால் வங்கிக்கடன் தீரவில்லை என்று பொருள்; 35-ஆம் படிவத்தின்படி அது நீக்கப்பட்ட பின்னரே முழுப்பணம் தர வேண்டும். போக்குவரத்து அபராதங்கள் வண்டி எண்ணின்மேல் ஏறி நிற்கும். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் நிலுவை அபராதத்திற்கு 50 விழுக்காடு தள்ளுபடி தந்தபோது மக்கள் வரிசையில் நின்று கட்டினார்கள் என்றால், எத்தனை வண்டிகள் கடனோடு ஓடின என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்னர்ச் சோதனைக்கு உட்பட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி மலிவாகக் கிடைப்பதில் வியப்பில்லை.

கண்ணும் காதும் கையும்

நம் ஊர்ச் சந்தையில் மாடு வாங்கும் பெரியவர் சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். காருக்கும் அம்முறையே பொருந்தும்.

சென்னையை 2015-லும் 2023-லும் வெள்ளம் சூழ்ந்தது. பெங்களூரின் வெளிவட்டச் சாலைப் பகுதியை 2022 செப்டம்பரில் சூழ்ந்தது. நீரில் மூழ்கிய கார்கள் பளபளவென்று துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிடும். சீட்பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கறை தென்படும். இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல், உள்ளே ஈரநாற்றம் இவையும் சான்றுகள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. முப்பதாயிரம் கிலோமீட்டரே ஓடியதாக மீட்டர் காட்ட, கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், பொய் சொல்வது எது என்று நானா கூற வேண்டும்?

என்ஜினைக் குளிர்ந்த நிலையிலேயே கிளப்பச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. நிற்காத வெண்புகை வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. நான்காம் கியரில் மெல்லச் செல்கையில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். என்ஜின் இரைந்தும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்தது. சாவி திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஐயுறுங்கள்.

என் ஆய்வு நண்பர் ஒருவருக்காக மூன்று வண்டிகளைப் பார்த்தோம். முதலாவது பெயிண்ட் பூசி மின்னியது. ஸ்டெப்னிக் குழியில் வண்டல் இருந்தது. இரண்டாவதன் சர்வீஸ் சீட்டுகளைப் பார்த்தபோது, முன்பு வாடகைக்கு ஓடியது என்பது தெரிந்தது. மூன்றாவது நிறம் மங்கிய வண்டி. பம்பரில் இரண்டு கீறல். ஒரே உரிமையாளர், தொடக்கம் முதல் சர்வீஸ் சீட்டுகள் ஒன்றுவிடாமல் இருந்தன. முதலாவதைவிட நாற்பதாயிரம் கூடுதல். மூன்றாவதையே வாங்கச் சொன்னேன். அது இன்றும் நாள்தோறும் கே.ஆர்.புரத்திலிருந்து போய்வருகிறது. எந்த வண்டியாயினும், விற்பவர்க்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காட்டுங்கள். கையிலுள்ள தொகையில் பத்தில் ஒரு பங்கை டயர், பேட்டரி, பிரேக்குக்கென ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக்கு வண்டி தேடுங்கள்.

பெயர் மாற்றம்

பணம் கொடுத்துச் சாவி வாங்கினால் வண்டி நம்முடையதாகிவிட்டது என்று நினைப்பது தவறு. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 29, 30-ஆம் படிவங்கள் இதற்கானவை. காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' அவருக்கே உரியது, வண்டியோடு வராது.

இது வெறும் சடங்கன்று. பல கை மாறிய பின் விபத்துக்குள்ளான ஒரு காரின் வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்றுவிட்ட வண்டி, முன்பின் அறியாத ஒருவரின் விபத்தைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்தக்கூடும்!

நண்பர்களே! நம்மில் பலர் இரண்டு மூன்று ஆண்டில் இந்நகரை விட்டுச் செல்பவர்கள். புறப்படும் அவசரத்தில் வண்டியை யாரிடமோ ஒப்படைத்து ரயிலேறிவிடுவது வழக்கமாகி வருகிறது. வாங்கும்போது காட்டும் விழிப்பை விற்கும்போதும் காட்டுங்கள். புதிய உரிமையாளரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பின்னரே அவ்வண்டியை மறந்துவிடலாம்.