தைத்த கைகளும் பெற்ற பரிசும்

உரைநடை உலகம்

வீட்டின் தேவைக்காகப் பிறந்த கைவினைகள் பல, காலப்போக்கில் காண்போர் வியக்கும் கலைகளாக உயர்ந்துள்ளன. அமெரிக்கப் பெண்கள் துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வைகள் அவற்றுள் ஒன்று. குளிரைத் தாங்க உருவான அப்போர்வைகள் கண்காட்சிக்கும் போட்டிக்கும் சென்றபோது, கலையை மதிப்பிடுவது எவ்வாறு, உழைத்தவருக்கு உரிய பெருமையைச் சேர்ப்பது எவ்வாறு என்னும் வினாக்கள் எழுந்தன. அவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

போர்வையின் அமைப்பு

ஆங்கிலத்தில் 'குயில்ட்' எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே காண்பது, வண்ணத் துண்டுகளை இணைத்து உருவாக்கிய மேல்துணி. நடுவில் இருப்பது கதகதப்பைத் தரும் பஞ்சடுக்கு. அடியில் அமைவது அடித்துணி. இம்மூன்றும் விலகாதவாறு, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஊசியைச் செலுத்திச் சிறு சிறு தையல்களாக நூலோட்டுவர். இத்தையலே அடுக்குகளைப் பிணைக்கிறது. அதுவே இலையாகவும் இறகாகவும் வட்டமாகவும் ஓடிப் போர்வைக்கு அழகையும் சேர்க்கிறது.

மேல்துணியை உருவாக்கும் முறைகள் இரண்டு. சதுரம், முக்கோணம், சாய்சதுரம் எனத் துணியை வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பது ஒரு முறை. பூ, பறவை, மனித உருவம் போன்றவற்றைத் துணியில் வெட்டியெடுத்து, மற்றொரு துணியின்மேல் பதித்துத் தைப்பது இன்னொரு முறை. முதல் முறைக்குக் கணக்கறிவு மிகத் தேவை. ஒரு துண்டின் அளவு நூலிழை அளவு பிசகினாலும், நூறு துண்டுகள் சேரும்போது அப்பிழை பெருகி, போர்வையின் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும்.

தெரியுமா?
'குயில்ட்' என்னும் சொல், திணித்த மெத்தையைக் குறிக்கும் 'குல்கிட்டா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

வீட்டிலிருந்து கண்காட்சிக்கு

அமெரிக்க மாநிலங்களில் அறுவடைக் காலத்தையொட்டி வேளாண் கண்காட்சிகள் நடைபெறுவது நெடுநாளைய வழக்கம். கொழுத்த கால்நடைகளையும் விளைந்த காய்களையும் ஆடவர் கொண்டுவந்து நிறுத்த, பெண்கள் தாம் செய்த பழப்பாகுகளையும் தைத்த போர்வைகளையும் காட்சிக்கு வைத்தனர். சிறந்தவற்றுக்கு நாடாக்கள் பரிசாக அளிக்கப்பட்டன. முதற்பரிசின் அடையாளம் நீல நாடா. பொதுவாழ்வில் பெண்களுக்கு இடம் மிகக் குறைவாக இருந்த காலத்தில், அவர்தம் திறமை ஊரறிய மதிக்கப்பட்ட மேடைகளுள் ஒன்றாகக் கண்காட்சி விளங்கியது.

அத்தகைய மேடை ஒன்றில்தான் ஹேரியட் பவர்ஸ் என்னும் பெண்ணின் கலை வெளிப்பட்டது. அவர் 1837ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறை ஒழிந்தபின் கணவருடன் சிறு நிலத்தில் பயிர் செய்து வாழ்ந்தார். விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களில் துணியுருவங்களாகப் பதித்து அவர் உருவாக்கிய போர்வை, 1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் என்னும் ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் இடம்பெற்றது. ஏதேன் தோட்டத்தின் ஆதாமும் ஏவாளும், யாக்கோபு கண்ட கனவு, இயேசுவின் திருமுழுக்கு, இறுதி இராவுணவு ஆகியன அதில் காட்சிகளாக விரிந்தன.

அதனைக் கண்ட ஜென்னி சுமித் என்னும் ஓவிய ஆசிரியை, தைத்தவரைத் தேடிச் சென்று விலைக்குக் கேட்டார். எவ்விலைக்கும் தர இயலாது என மறுத்துவிட்டார் பவர்ஸ். சில ஆண்டுகளுக்குப்பின் வறுமை நெருக்கியது. பத்து டாலர் விலை கூறிப் போர்வையை எடுத்து வந்தவர், ஆசிரியையால் ஐந்து டாலரே தர முடிந்த நிலையில், அத்தொகைக்கே அதனைக் கொடுத்துச் சென்றார். ஆயினும் பிள்ளையைப் பிரிந்த தாய்போலப் பின்னரும் பலமுறை வந்து அதனைப் பார்த்துச் சென்றார் என்று குறிக்கப்பட்டுள்ளது.

விற்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் பொருள் கூறினார். ஆசிரியை அதனை எழுதி வைத்தார். அக்குறிப்பே பவர்ஸின் பெயரைக் காத்தது. இன்று அப்போர்வை வாசிங்டன் நகரிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் தைத்த மற்றொரு போர்வை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் போற்றப்படுகிறது. ஐந்து டாலருக்குக் கைமாறிய துணி நாட்டின் செல்வமாயிற்று. தைத்தவர் பெயரும் அதனுடன் நிலைத்தது.

சிகாகோவின் பெரும்போட்டி

எல்லாருக்கும் இவ்வாறு பெயர் நிலைத்துவிடவில்லை. இதனைக் காட்டும் நிகழ்வு 1933ஆம் ஆண்டு நடந்தது. சிகாகோ நகரின் நூறாண்டு வளர்ச்சியைக் கொண்டாடும் உலகக் கண்காட்சிக்கு அவ்வாண்டு ஏற்பாடாகியிருந்தது. அதனையொட்டிச் சியர்ஸ் என்னும் பெருவணிக நிறுவனம், நாடு தழுவிய ஒட்டுத்துணிப் போர்வைப் போட்டியை அறிவித்தது.

அக்காலம் பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம். உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அத்தகைய நாளில் 7,500 டாலர் மொத்தப் பரிசு என்னும் அறிவிப்பு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. பெரும்பரிசு 1,000 டாலர். அது தொழிலாளர் ஒருவரின் ஓராண்டு வருவாய்க்கு ஏறத்தாழ இணையான தொகை. கண்காட்சியின் கருப்பொருளான 'நூறாண்டு முன்னேற்றம்' என்பதைப் போர்வையில் சித்திரித்துப் பெரும்பரிசு பெறுவோருக்கு மேலும் 200 டாலர் வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது.

சனவரியில் அறிவிப்பு வெளிவந்தது; மே 15 இறுதி நாள். ஒரு போர்வையைக் கையால் தைத்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். எனவே பகலில் வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்த்த பெண்கள், இரவில் விளக்கொளியில் ஊசி பிடித்தனர். இறுதியில் ஏறத்தாழ 24,000 போர்வைகள் போட்டிக்கு வந்து சேர்ந்தன. அவை முதலில் வட்டார அளவிலும், பின்னர் மண்டல அளவிலும் மதிப்பிடப்பட்டன. பத்து மண்டலங்களிலிருந்து மண்டலத்துக்கு மூன்று என 30 போர்வைகள் சிகாகோவில் இறுதிச் சுற்றை எட்டின.

நடுவரின் பார்வை

போர்வைப் போட்டியின் நடுவர் முதலில் தொலைவில் நின்று முழுத் தோற்றத்தைக் காண்பார். வண்ண இசைவும் வடிவமைப்பும் அப்போது புலப்படும். பின்னர் நெருங்கிச் சென்று கைத்திறனை ஆராய்வார். துண்டுகளின் முனைகள் கூர்மை மழுங்காமல் சந்திக்கின்றனவா, விளிம்புகள் நேராக உள்ளனவா, விரித்தால் சுருக்கமின்றிப் படிகிறதா, தையல்கள் முன்னும் பின்னும் ஒரே அளவில் உள்ளனவா என்பனவற்றை நோக்குவார். ஓர் அங்குலத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட தையல்கள் அமைவது தேர்ந்த கைக்கு அடையாளம். எனினும் தையல்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் சீர்மையே பெரிதும் போற்றப்படும்.

வடிவத்தின் புதுமை பெரிதா, வேலைப்பாட்டின் நேர்த்தி பெரிதா என்பது நடுவர்க்கு என்றும் உள்ள சிக்கல். சிகாகோ போட்டிக்குப் பலர் வானூர்திகளையும் உயர்ந்த கட்டடங்களையும் துணியில் அமைத்துப் புதுமையாகத் தைத்து அனுப்பினர். நடுவர் குழுவோ மரபு வடிவங்களில் அமைந்த நேர்த்தியான வேலைப்பாட்டையே விரும்பியது. பெரும்பரிசும் மரபுவழி விண்மீன் வடிவம் கொண்ட போர்வைக்கே சென்றது. புதுமை வேண்டும் என அழைத்துவிட்டு மரபுக்கே பரிசளித்தது பலருக்கு ஏமாற்றம் தந்தது. போட்டியின் நோக்கமும் நடுவரின் அளவுகோலும் ஒன்றுபட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

வெற்றிக்குப் பின்னால்

பெரும்பரிசைப் பெற்றவர் கெண்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன். வென்ற போர்வை, அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூசுவெல்ட் அம்மையாருக்குப் பரிசாக வழங்கப்பட்டது. இன்று அது எங்குள்ளது என்பது தெரியவில்லை.

போர்வை மறைந்தாலும் அதன் வரலாறு மறையவில்லை. மெரிகே வால்ட்வோகல், பார்பரா பிராக்மன் என்னும் ஆய்வாளர் இருவர் இப்போட்டியைப் பற்றிய செய்திகளைத் தேடித் திரட்டி, 1993ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். அறுபது ஆண்டுகளாக மூடிக் கிடந்த உண்மை அதனால் வெளிப்பட்டது. கேடன் அப்போர்வையில் ஒரு தையலும் இடவில்லை. துண்டுகளை இணைத்தவர்களும் நூலோட்டியவர்களும் கூலிக்கு அமர்த்தப்பெற்ற பெண்கள். போட்டிக்கு வரும் போர்வை, அனுப்புபவரின் சொந்தக் கைவேலையாக இருத்தல் வேண்டும் என்பது விதி. அவ்விதி மீறப்பட்டிருந்தது. பரிசுத் தொகையிலும் தைத்தவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

அப்பெண்கள் ஏன் வாய் திறக்கவில்லை? உண்மையைச் சொன்னால் அடுத்த வேலை கிடைக்காது என்னும் அச்சமே காரணம். பெருமந்தக் காலத்தில் நாள்தோறும் கிடைக்கும் சிறுகூலி, என்றோ கிடைக்கக்கூடிய நீதியைவிட இன்றியமையாததாக இருந்தது. அவர்களது மௌனத்தை உடன்பாடு எனக் கொள்ளலாகாது. அது வறுமை கட்டிய வாய்ப்பூட்டு.

கூலிக்குத் தைப்பது இழிவன்று. கூலி கொடுத்துத் தைக்கச் செய்வதும் குற்றமன்று. வடிவத்தைத் தேர்ந்து, துணி வாங்கி, திறனுடையோரை ஒருங்கிணைப்பதும் உழைப்பே. ஆனால், பிறர் உழைப்பைத் தன் உழைப்பு என்று கையொப்பமிடும்போது வணிகம் பொய்யாக மாறுகிறது. அப்பொய்யால் இருவகையினர் இழப்புற்றனர். ஒரு வகையினர், பெயரும் பங்கும் பெறாத தையற்பெண்கள். மற்றொரு வகையினர், விதியை நம்பித் தம் கையாலேயே தைத்து அனுப்பிய ஆயிரக்கணக்கான போட்டியாளர்கள்.

இன்றைய நடைமுறைகள்

கைவினையின் வரலாறு அழியாதிருக்க, பின்னர்ப் பல முயற்சிகள் எழுந்தன. 1981ஆம் ஆண்டு கெண்டக்கி மாநிலத்தில் பழம்போர்வைகளைப் பதிவு செய்யும் திட்டம் தொடங்கியது. மக்கள் தத்தம் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவர, தைத்தவர், ஊர், காலம் ஆகியன குறிக்கப்பட்டன. பிற மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அம்மாநிலத்தின் பதூக்கா நகரில் 1985 முதல் அமெரிக்கப் போர்வைக் கலைஞர் சங்கத்தின் போட்டி நடைபெற்று வருகிறது. கேரல் பிரையர் ஃபாலர்ட் என்னும் கலைஞர் தையற்பொறியால் நூலோட்டிய போர்வை, அங்கு 1989ஆம் ஆண்டு தலைசிறந்தது எனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கையால் நூலோட்டியதே உயர்ந்தது என்னும் கருத்து அதனால் ஆட்டம் கண்டது. கைத்தையல், பொறித்தையல் எனவும், தனியொருவர் படைப்பு, கூட்டுப் படைப்பு எனவும் போட்டிகளில் வகை பிரிக்கும் வழக்கமும் உருவாகியுள்ளது. இணைத்தவர் ஒருவர், நூலோட்டியவர் மற்றொருவர் எனில் இருவர் பெயரையும் குறிப்பிடுவர்.

மதிப்பிடும் வேளையில் தைத்தவர் பெயர் நடுவருக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது. காட்சிக்கு வைக்கும் வேளையில் அப்பெயர் அனைவரும் காண எழுதப்படுகிறது. முன்னது நடுநிலைக்காக; பின்னது நன்றிக்காக. போர்வையின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு எழுதிய சிறு துணியைத் தைத்து வைக்குமாறும் கலைஞர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். உள்ளங்கையளவே உள்ள அத்துணி, 1933ஆம் ஆண்டில் தைத்த பெண்களுக்குக் கிடைக்காத உரிமையைப் பின்வந்தவர்களுக்கு வழங்குகிறது.

போட்டி ஒரு படைப்பை உலகறியச் செய்யும். அப்படைப்பின் பின்னுள்ள கைகளையும் உலகறியச் செய்யும்போதே அது நிறைவு பெறும். பரிசு பெற்ற பொருளைக் காணும்போது, 'இதனைச் செய்தவர் யார்?' என்று கேட்பதும், கிடைத்த விடையை எழுதி வைப்பதும் கலையை மதிப்போர் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டிலோ ஊரிலோ உள்ள கைவினைப் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதனைச் செய்தவர் பெயர், செய்த காலம், செய்முறை ஆகியவற்றைக் கேட்டறிந்து பதிவு செய்க.
2. 'பள்ளிக் கைவினைப் போட்டிக்கான விதிமுறைகள்' என்னும் தலைப்பில் குழுவாகக் கலந்துரையாடி, பத்து விதிகளை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. ஒட்டுத்துணிப் போர்வையின் மூன்று அடுக்குகள் யாவை?
2. ஹேரியட் பவர்ஸின் பெயர் நிலைத்திருக்கக் காரணம் யாது?

சிறுவினா
1. போர்வையை மதிப்பிடும் நடுவர் நோக்கும் கூறுகளை எழுதுக.
2. 'வறுமை கட்டிய வாய்ப்பூட்டு' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
1. கைவினைப் போட்டிகளில் உழைத்தவரின் உரிமையைக் காப்பது எவ்வாறு? பாடக் கருத்துகளைக் கொண்டு விளக்குக.