வாரம் ஒரு பீரியடு போதுமா?

கேள்வி: என் மகனின் பள்ளியில் வாரம் ஒரு பீரியடு நன்னெறி வகுப்பு நடக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வந்துவிடுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அந்த ஒரு பீரியடால் மட்டும் வராது அம்மா. மற்ற நேரமெல்லாம் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள். ஆசிரியர் தாம் செய்யாத எதையும் மாணவரைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. குழி தோண்டுவதோ மரம் வெட்டுவதோ, எந்த வேலையானாலும் பிள்ளைகளோடு ஓர் ஆசிரியரும் சேர்ந்து உழைத்தார். அடங்காத ஒரு பையனைக் காந்தி ஒருமுறை ரூல்தடியால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடம்பு நடுங்கியது. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். ஆனால் அந்த அடிக்காகத் தாம் இன்னும் வருந்துவதாகப் பல ஆண்டுகள் கழித்துச் சுயசரிதையில் எழுதினார் காந்தி. தன் தவறை ஒளிக்காத இப்படிப்பட்ட ஆசிரியரிடம்தான் பிள்ளை உண்மை பேசக் கற்றுக்கொள்வான் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். கரும்பலகையில் ஆசிரியர் தப்பாக எழுதியதை ஒரு மாணவன் எழுந்து சொன்னால் வகுப்பில் என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள்.