வீட்டிலேயே புகை போட்ட மீனும் கோழியும்

1. ஸ்மோக்கருக்குக் கானாங்கெளுத்தி, சூரை, சாலமன் என்று எண்ணெய்ப்பசையுள்ள மீனாகப் பார்த்து வாங்குங்கள். மற்றவை சீக்கிரம் வறண்டுவிடும்.

2. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பும் கொஞ்சம் வெல்லமும் கரைத்து, மீன் துண்டுகளை 2 முதல் 4 மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊற வையுங்கள். முழுக் கோழிக்கு ஓர் இரவு வேண்டும்.

3. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஊறிய மீனை ஈரம் போகத் துடைத்து, கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல் மீண்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள். சில மணி நேரத்தில் மேற்புறம் பளபளக்கும். தொட்டால் விரலில் லேசாக ஒட்டும். அந்தப் பக்குவத்தில்தான் புகை சீராகப் பிடிக்கும். ஈரத்தோடு வைத்தால் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

4. ஆப்பிள், செர்ரி, ஓக் மரத்துண்டுகள் கடையில் கிடைக்கும். நம் ஊரில் காய்ந்த கொய்யா, மாங்கட்டை போதும். பிசின் வடியும் பைன், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் கூடாது. அரளிக் குச்சி விஷம். அடுப்புப் பக்கமே வேண்டாம்.

5. மரச்சீவலைத் தண்ணீரில் ஊறவைப்பது வீண் வேலை. முதலில் வருவது வெறும் நீராவிதான்.

6. குபுகுபுவென வெள்ளைப் புகை வந்தால் கறி கசக்கும். மேல் துவாரத்தை நன்றாகத் திறந்து, புகை மெலிந்து நீலம் பாரித்த பிறகே உள்ளே வையுங்கள்.

7. ஸ்மோக்கரின் சூடு 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். புகை பச்சைக் கறியையும் பொன்னிறமாக்கிவிடும். தெர்மாமீட்டரைத் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். கோழிக்கு 74 டிகிரி. மீன் 71 டிகிரிக்கு வந்து அரை மணி நேரம் அதே சூட்டில் இருக்க வேண்டும். வெந்த கோழியிலும் தோலுக்கடியில் இளஞ்சிவப்பு தெரியும். அது புகையின் வேலை.

8. கோழித்தோல் ரப்பர் மாதிரி இழுத்தால், கடைசியில் சில நிமிடம் நேரடித் தணலில் காட்டுங்கள்.

9. கரி புகையும் ஸ்மோக்கரை வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

10. புகை போட்டாயிற்றே, கெடாது என்று வெளியில் வைத்துவிடாதீர்கள். மாசிக்கருவாடு மாதக்கணக்கில் தாங்குவது, சூரையை அவித்து, புகையிட்டு, கட்டைபோலக் காயவைப்பதால். நம் மீனில் ஈரம் அப்படியே இருக்கிறது. 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, 3, 4 நாளில் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை ஃபிரீசருக்கு மாற்றுங்கள்.