ஓவியரின் களஞ்சியம்: சிறு செலவில் ஓர் இணையத்தளம்



இடம்பெயர்ந்த அன்று நாம் எதை முதலில் எடுத்தோம் என்று சற்று நினைத்துப் பார்ப்போம். அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் அரிசி, ஒரு தறப்பாள். சுவரில் தொங்கிய படத்தைக் கழற்றி எடுத்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. அதில் பிழையில்லை. உயிர் முதலில்.

ஆனால் படத்தை வரைந்தவருக்கு அது வேறு கதை. குருநகரைச் சேர்ந்த ஓவியர் அ. மாற்கு (1933–2000) அவர்களை எடுத்துக்கொள்வோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் பெயர்ந்தபோது அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எனினும் 1987இல் அவரைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்றொரு மலர் வெளிவந்திருந்தது. பின்னாளில் அவரை அறிய விரும்பியவர்களுக்குக் கைகொடுத்தது அது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் இத்தகைய ஈழத்து நூல்களையும் மலர்களையும் படியெடுத்து எவரும் காசின்றி வாசிக்க வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த நாட்டில், ஒரு பொருளின் பிரதி இன்னோர் இடத்திலும் இருப்பதன் பெறுமதியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எமது பகுதியிலே வயலும் செய்து ஓவியமும் தீட்டும் ஒருவர் இருக்கிறார். பெயரை எழுத வேண்டாம் என்றார். 2009க்கு முன் வரைந்தவற்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய பின் வரைந்த நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை உரப்பையில் சுற்றி, கூரை வளையில் கட்டி வைத்திருந்தார். கீழே வைத்தால் கறையான், மேலே வைத்தால் ஒழுக்கு. வாங்குவதற்கு வெளிநாட்டில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் பார்ப்பதற்குத்தான் வழியில்லை. அவரோடு சேர்ந்து நாம் செய்ததையே இங்கு பாடமாகத் தருகிறோம். ஓவியருக்கு மட்டுமல்ல, பனையோலைப் பின்னல் செய்யும் அம்மாவுக்கும், கூத்து உடுப்பும் முடியும் செய்பவருக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை படம் பிடித்தல். முழுத் தளத்தின் தரமும் இதில்தான் தங்கியிருக்கிறது. பெரிய கமரா வேண்டாம், கைத்தொலைபேசி போதும். முதல் நாள் நாம் நண்பகல் வெயிலில் படங்களை முற்றத்தில் பரப்பிப் பிடித்தோம்; எண்ணெய் வர்ணம் பளபளத்து, பாதிப் படம் வெள்ளையாகிவிட்டது. நாற்பதையும் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. காலை வேளையில், வீட்டின் நிழல் பக்கச் சுவரில் படத்தைச் சாய்க்காமல் நிறுத்துங்கள். தொலைபேசியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, படத்தின் நடுப்புள்ளிக்கு நேரே பிடியுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் கூடாது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுங்கள்.

இப்படி எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் வரை வரும். 20 படம் வைத்தால் 80 மெகாபைட். டேட்டா காட் போட்டுப் பார்க்கும் நம்மவர்களுக்கு அது பெரும் சுமை. நீளப் பக்கம் 1,600 புள்ளிகள் அளவுக்குக் குறைத்தால் ஒரு படம் ஏறக்குறைய 300 கிலோபைட்டாகும். இருபதும் 6 மெகாபைட்டுக்குள் அடங்கும். குறைத்த பிரதியைத் தளத்தில் இடுங்கள். பெரிய மூலத்தை வீட்டில் வையுங்கள்.

அடுத்து எழுத்து. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஆண்டு, நீள அகலம், எதில் எதனால் வரைந்தது, விற்பனைக்கு உண்டா என்பன வேண்டும். அதோடு ஓவியரின் வாயால் இரண்டு வசனம். வைக்கோல் நிறத்தில் ஒரு படத்துக்கு நாம் 'போரின் ஆழ்ந்த வலியைச் சித்திரிப்பது' என்று எழுதிக் கொடுத்தோம். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "இது எங்கட களத்திலை வைச்ச சூடு, சுவாமி. 2009 தையிலை அடிக்காமல் விட்டிட்டு வந்தது." நம்முடையதை வெட்டிவிட்டு அதையே இட்டோம். வந்த கடிதங்களில் பாதி அந்தப் படத்தைப் பற்றியே கேட்டன.

எழுத்தை யுனிகோட் முறையில் தட்டச்சுச் செய்ய வேண்டும். நம் ஊர்க் கொமியூனிக்கேசன் கடைகள் சிலவற்றில் இன்னும் பாமினியிலே அடித்துத் தருவார்கள். அச்சுக்கு அது சரி. இணையத்தில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது.

இனித் தளம். கூகுள் சைற்ஸ், வேர்ட்பிரஸ், புளொக்கர் ஆகியவற்றில் காசில்லாமல் தொடங்கலாம். க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளை இரண்டு பின்னேரத்தில் அமைத்துவிடுவாள். முகப்பு, படங்கள், ஓவியரைப் பற்றி, தொடர்புக்கு என நான்கு பக்கம் போதும். சொந்த முகவரிப் பெயர் வேண்டுமானால் ஆண்டுக்குப் பத்து முதல் இருபது அமெரிக்க டொலர் வரை செல்லும். முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் விலை ஏற்றுபவர்கள் உண்டு. புதுப்பிக்கும் தொகையைக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

இங்கேதான் நம் ஓவியர் முன்னொரு முறை அடிபட்டார். நல்ல மனத்தோடு வந்த ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில் தளம் ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தார். சில காலத்தில் அவர் வேறு நாட்டுக்குப் போனார். கடவுச்சொல் அவரோடு போயிற்று, கட்டணம் கட்டப்படவில்லை, தளம் மறைந்தது. காணி உறுதியை மற்றவர் பெயரில் எழுதுவோமா? மின்னஞ்சல், முகவரிப் பெயர், கடவுச்சொல் மூன்றும் ஓவியரின் பெயரிலேயே இருக்க வேண்டும். ஒரு கொப்பியில் எழுதி உறுதிகளோடு வையுங்கள்.

இலவசத் தளத்தை நிரந்தரம் என்றும் எண்ண வேண்டாம். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் வீட்டுப் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் என்ற இலவச சேவையை யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியது. நம்மவர்கள் முகாமில் இருந்த அதே ஆண்டில், எங்கோ முன்பின் அறியாதவர்களும் தம் படங்களை இழந்தார்கள். ஆகவே மூலப் படங்கள் மூன்று இடத்தில் இருக்கட்டும்: தொலைபேசியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று.

விற்பனை பற்றி ஒரு சொல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைத்தவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் உரிமை அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்டு. படத்தை விற்றால் படம் போகும். அதை அச்சடித்து விற்கும் உரிமை எழுதிக் கொடுத்தாலன்றிப் போகாது. தளத்தில் வீட்டு விலாசத்தை இடாதீர்கள். பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள் சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கலாம். ஓவியத்தில் அயலவரின் முகம் தெளிவாகத் தெரிந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். நம் ஓவியர் வரைந்த ஒரு தாய் வேண்டாம் என்றார். அந்தப் படம் தளத்தில் இல்லை. அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.