"தொடாதே" என்றால் போதுமா?



துப்பாக்கியைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டுமா, நம் வீடுகளில் அது ஏது என்று கேட்பீர்கள். நம் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கியும் உண்டு, காட்டுப்பன்றிக்கு வைக்கும் நாட்டுவெடியும் உண்டு. 2020 ஜூன் மாதம் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே அலகரையில், மீன்பிடிக்க வாங்கி மீந்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று எண்ணிக் கடித்த 6 வயதுச் சிறுவன் இறந்தான். ஆகவே இந்தப் பாடம் நமக்கும் அவசியம்.

பாடம் நான்கே சொற்கள்: நில். தொடாதே. விலகிப் போ. பெரியவரிடம் சொல்.

ஆனால் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவ ஆய்வைக் கவனியுங்கள். 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். அங்கே ஓர் இழுப்பறையில் குண்டு இல்லாத நிஜக் கைத்துப்பாக்கி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 48 பேர் அதைக் கண்டார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையையே இழுத்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி முன்பே போதனை கேட்டவர்கள்! அது பொம்மையா நிஜமா என்று பலருக்குத் தெரியவில்லை.

ஆகையால் நாம் செய்யவேண்டியவை:

1. நடித்துப் பழக்குங்கள். ஞாயிறு பள்ளி வகுப்பில் ஒரு பொம்மைத் துப்பாக்கியை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் அந்த நான்கையும் செய்து காட்டட்டும். சில வாரம் கழித்து மறுபடியும் செய்யச் சொல்லுங்கள்.

2. "பொம்மைபோல் இருந்தாலும் நிஜம் என்றே எண்ணு" என்று கற்பியுங்கள்.

3. வந்து சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள். "அங்கே உனக்கு என்ன வேலை?" என்று ஒருமுறை அதட்டினால், அடுத்த முறை சொல்லமாட்டான்.

4. உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ள வீட்டில், குண்டை நீக்கிப் பூட்டி வையுங்கள். குண்டுகளை வேறிடத்தில் பூட்டுங்கள். சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில் இருக்கட்டும்.

இந்த நாலாவதே முதன்மையானது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தின் அருகே வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் மரித்தான். அவன் எதையும் தொடவில்லை. எந்தப் பாடமும் அவனைக் காத்திருக்க முடியாது; பெரியவர்களின் எச்சரிக்கையே காத்திருக்கும்.

உங்கள் சபையில் ஒரு ஞாயிறு, அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பெற்றோரையும் உடன் உட்காரச் சொல்லுங்கள்.

மருத்துவமனை ஆயர்,
கோரிப்பாளையம், மதுரை