உழைக்கும் மூளையின் படம்

மனித மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடலின் மொத்த எடையில் இது நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், உடல் ஓய்வாக இருக்கும் வேளையில் செலவாகும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை இவ்வோர் உறுப்பே எடுத்துக்கொள்கிறது. நிமிடந்தோறும் முக்கால் லிட்டர் குருதி இதன் வழியே பாய்கிறது. தசைகளைப் போல எரிபொருளைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதி மூளைக்கு இல்லை. குருதியோட்டம் பத்து விநாடி அளவு நின்றாலும் நினைவு தப்பிவிடும்.

உடற்கூற்றுச் சாலையில் கண்ணாடிப் புட்டியில் இட்டு வைத்த மூளை இவ்வுழைப்பில் எதையும் காட்டுவதில்லை. வலிப்பு நோயால் ஆண்டுக்கணக்கில் வருந்தியவரின் மூளையும், நலமாக வாழ்ந்தவரின் மூளையும் பல சமயங்களில் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். எம்.ஆர்.ஐ. போன்ற இக்காலக் கருவிகள் உயிருள்ளவரின் மூளையை மிக நுட்பமாகக் காட்டுகின்றன எனினும், நடைமுறையில் அவை பெரிதும் காட்டுவது வடிவத்தையே. அணு மருத்துவம் எடுக்கும் படம் இவற்றினின்றும் வேறுபட்டது. எவ்விடத்தில் வேலை மிகுந்து நடக்கிறது, எவ்விடத்தில் குறைந்துள்ளது என்பதே அப்படத்தின் பொருள்.

படத்திற்கு வேண்டிய உடற்கூறு

பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என்னும் பகுப்பு பள்ளிப் பாடங்களில் உள்ளதே. அணு மருத்துவப் படத்தை அறிய இன்னொரு பகுப்பும் வேண்டும். பெருமூளையின் மேற்பரப்பில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள சாம்பல்நிறப் பொருள் மடிப்பு மடிப்பாகப் போர்த்தியிருக்கிறது. நரம்பணுக்களின் உடல்கள் இங்கே உள்ளன. அதற்கு அடியில் இருப்பது வெண்பொருள். இது நரம்பிழைகளின் கட்டு. சாம்பல்நிறப் பொருளுக்குச் செல்லும் குருதி, அதே எடையுள்ள வெண்பொருளுக்குச் செல்வதைப் போல மூன்று நான்கு மடங்கு. ஆகவே படத்தில் ஓரம் ஒளிர்ந்தும் உட்புறம் மங்கியும் தோன்றும். உட்புறத்திலும் தலாமஸ், அடிக்கணுக்கள் என்னும் சாம்பல்நிறத் திரள்கள் தீவுகளைப் போல ஒளிரும்.

பெருமூளையின் ஒவ்வொரு பாதியும் நெற்றி மடல், உச்சி மடல், பிடரி மடல், பொட்டு மடல் என நான்காகப் பிரியும். காதுக்கு முன்னுள்ள நெற்றிப்பொட்டின் உட்புறத்தில் அமைவது பொட்டு மடல். அதன் உள்விளிம்பில் கடற்குதிரையின் வடிவை ஒத்ததனால் அப்பெயரே பெற்ற ஒரு சிறு வளைவு உண்டு. புதிய நினைவுகள் பதிவதற்கு இன்றியமையாத இடம் அது. மருந்துக்கு அடங்காத வலிப்பு பெரியவர்களிடம் அடிக்கடி தொடங்கும் இடமும் அதுவே.

தடையும் அதன் பயனும்

1885-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் சில சாயங்களை விலங்குகளின் குருதியில் செலுத்தியபோது, பிற உறுப்புகள் நிறமேற, மூளை மட்டும் நிறம் பெறாதிருந்தது. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் உரிய நீரில் சாயத்தைச் செலுத்தினால் மூளை நிறமேறுகிறது என்பதை 1913-இல் கோல்ட்மன் காட்டினார். இடையே ஒரு தடை இருப்பது இதனால் தெளிவாயிற்று. மூளைத் தந்துகிகளின் சுவரிலுள்ள அணுக்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தியிருப்பதே அத்தடைக்குக் காரணம்.

கட்டி வளர்ந்த இடத்தில் இத்தடை பழுதாகிவிடும். 1948-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மூர், கதிரியக்க அயோடின் சேர்ந்த சாயத்தை நோயாளிகளுக்குச் செலுத்தி, அச்சாயம் கட்டியில் தங்குவதைத் தலைக்கு வெளியே வைத்த கதிர் எண்ணியால் அறிந்தார். 1958-இல் ஹால் ஆங்கர் அமைத்த காமா காமிராவும், 1960-க்குப்பின் பரவிய டெக்னீஷியம்-99எம் என்னும் பொருளும் இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றன. டெக்னீஷியத்தின் அரைவாழ்வுக் காலம் ஆறு மணி. அதன் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99-க்கோ 66 மணி. ஆதலால் தாய்ப்பொருளை ஒரு சிறு கலத்தில் அனுப்பினால், தொலைவிலுள்ள மருத்துவமனையிலும் நாள்தோறும் டெக்னீஷியத்தைப் பிரித்தெடுக்கலாம். ஆய்வுக்கூடத்தார் இக்கலத்தைப் பசு என்றும், பிரித்தெடுப்பதைக் கறத்தல் என்றும் வழங்குவர், பெயர் பொருத்தமானதே.

1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தபின், கட்டியின் இருப்பிடத்தை அறிய மட்டும் இம்முறை வேண்டியதில்லை என்றாயிற்று. அணு மருத்துவம் வடிவத்தை விட்டு உழைப்பின் பக்கம் திரும்பியது அதன் பின்னரே.

இரண்டு சுவடுகாட்டிகள்

மூளையின் முதன்மையான உணவு குளுகோஸ். குளுகோஸின் ஓர் அணுத்தொகுதியை மாற்றி, அங்கே கதிரியக்கமுள்ள புளூரின்-18-ஐ இணைத்துச் செய்வது எஃப்.டி.ஜி. நரம்பணு இதனைச் சர்க்கரை என்று கருதி உள்ளே ஏற்கிறது; முதற்படி மாற்றமும் நடைபெறுகிறது. அடுத்த படிக்கு இப்பொருள் செல்லாது, வெளியேறவும் வழியில்லை. பசித்த அணுவில் மிகுதியாகவும், சோர்ந்த அணுவில் குறைவாகவும் இது தேங்கும். 1976-இல் நியூயார்க் மாநிலத்து புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்கு அனுப்பி, அங்கே முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினர். புளூரின்-18-இன் அரைவாழ்வுக் காலம் 110 நிமிடமே. எனவே ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் மருந்தைக் குறைக்கும். இந்தியாவில் 2002-இல் மும்பையிலுள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் மருத்துவத்துக்கென அமைந்த முதல் சைக்ளோட்ரானும் பெட் கருவியும் இயங்கத் தொடங்கின.

மற்றொன்று டெக்னீஷியத்தைச் சேர்த்த எச்.எம்.பி.ஏ.ஓ. கொழுப்பில் கரையும் தன்மையால் இது தடையை எளிதில் கடக்கிறது. அணுவினுள் சென்றதும் நீரில் கரையும் பொருளாக மாறி அங்கேயே சிறைப்படுகிறது. குருதி எங்கே மிகுந்து பாய்கிறதோ அங்கே இது மிகுந்து படியும். படிவது ஓரிரு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும், பின்னர் மாறாது. ஊசி போட்ட ஒரு மணி நேரத்திற்குப்பின் ஸ்பெக்ட் காமிராவில் படமெடுத்தாலும், அப்படம் காட்டுவது ஊசி போட்ட நிமிடத்து மூளையையே.

வலிப்பும் நேரமும்

இத்தன்மையின் பெரும்பயனை வலிப்பு நோயில் காணலாம். நோயாளிகளில் மூவரில் ஒருவருக்கு மருந்துகளால் வலிப்பு முழுமையாக நிற்பதில்லை. அவர்களுள் சிலருக்கு, வலிப்பு பிறக்கும் சிறு பகுதியை அறுவை முறையில் அகற்றினால் நோய் நீங்க வாய்ப்புண்டு. அகற்றவேண்டிய இடம் எது என்பதே வினா. தவறான இடத்தில் கத்தி பட்டால் பேச்சோ நினைவோ போய்விடக்கூடும்.

வலிப்பு இல்லாத வேளையில் அப்பகுதி சோர்ந்திருக்கும், எஃப்.டி.ஜி. படத்தில் மங்கலாகத் தெரியும். வலிப்பு எழும்போது அதே இடத்தில் குருதி பெருகும். ஸ்பெக்ட் படத்தில் பளிச்சென்று தெரியும். இரு படங்களும் ஓரிடத்தையே சுட்டினால் மருத்துவரின் உறுதி வளரும். வலிப்பின்போது படம் எடுப்பதற்காக நோயாளியை மருத்துவமனையில் கிடத்தி, மூளை மின்னலைப் பதிவுக் கருவியைப் பொருத்தி, மருந்தேற்றிய ஊசியுடன் ஒருவர் அருகிலேயே காத்திருப்பார். வலிப்பு தொடங்கிய சில விநாடிகளில் மருந்து உள்ளே செல்லவேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் வலிப்பு பிற பகுதிகளுக்குப் பரவியிருக்கும். அப்போது படத்தில் ஒளிர்வது வலிப்பு பிறந்த இடமாக இராது, அது சென்று சேர்ந்த இடமாகவே இருக்கும்.

எனவே வலிப்பை முதலில் கண்டவரின் சொல்லுக்கு இங்கே மதிப்பு மிகுதி. வகுப்பறையிலோ சிற்றூரிலோ அதைக் காண்பவர் பெரும்பாலும் ஆசிரியரும் கள ஊழியருமே. எந்தக் கை முதலில் துடித்தது, தலை எப்பக்கம் திரும்பியது, வெறித்த பார்வையும் வாய் மெல்லுவதும் இருந்தனவா, எத்தனை நிமிடம் நீடித்தது, தெளிந்தபின் பேச்சு எப்போது திரும்பியது ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். இடக்கை முதலில் துடித்தால் ஐயம் பெரும்பாலும் மூளையின் வலப்பாதியின் மேல் விழும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. வாயில் எதையும் திணிப்பது தீங்கு. ஒருக்களித்துப் படுக்கவைத்தல் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

மங்கல் எல்லாம் நோயன்று

படத்தைப் படிப்பதில் இடறும் இடங்கள் உண்டு. பெருமூளையின் இடப்பாதியில் குருதி அடைப்பு நேர்ந்தால், எவ்விதச் சேதமும் இல்லாத வலப்புறச் சிறுமூளையும் மங்கித் தெரியும். இரண்டையும் இணைக்கும் நரம்பிழைகள் குறுக்கே செல்வதால், கட்டளை வரப்பெறாத சிறுமூளை வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பாரோன் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் குழுவினர் 1980-ஐ ஒட்டி இதனை விளக்கினர். உடற்கூறு அறியாதவர் அங்கே இரண்டாவது நோய் ஒன்று இருப்பதாகக் கொள்ளக்கூடும்.

வயதும் நினைவில் கொள்ளத்தக்கது. 1987-இல் சுகானியும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்த குழந்தையின் மூளையில் உணர்வும் இயக்கமும் சார்ந்த பகுதி, தலாமஸ் முதலியவையே ஒளிர்கின்றன. நெற்றி மடல் ஆறு மாதத்திற்குப் பின்னரே விழிக்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் பெருமூளைப் புறணி, வளர்ந்தவரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு குளுகோஸைச் செலவிடுகிறது. ஒன்பது வயதளவும் இந்நிலை நீடித்துப் பின்பு சிறிது சிறிதாகக் குறைகிறது. இதைக்கொண்டு ஒன்பது வயதுக்குமேல் கல்வி ஏறாது என்று சிலர் முடிவு கட்டுவது பொருந்தாது. படம் அளப்பது எரிபொருள் செலவை, அறிவுத்திறனை அன்று.

படமெடுக்கச் செல்வோர்க்கு

எஃப்.டி.ஜி. படத்திற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் உணவின்றி இருக்கவேண்டும்; தண்ணீர் அருந்தலாம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் மங்கிய ஒளியுள்ள அறையில் பேசாமலும் படிக்காமலும் படுத்திருக்கச் சொல்வர். அவ்வேளையில் செய்தித்தாளைப் புரட்டினால் பார்வைக்குரிய பிடரி மடல் கூடுதலாக ஒளிர்ந்துவிடும். பெறும் கதிர்வீச்சு, இயற்கைச் சூழலிலிருந்து ஒருவர் ஓரிரு ஆண்டுகளில் பெறும் அளவே. கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் தம் மருந்து விவரத்தை எழுதி எடுத்துச் செல்லவேண்டும். வலிப்பு மாத்திரையைப் படத்திற்காகத் தாமாகவே நிறுத்திவிட்டுப் புறப்படுவோர் உளர், இது பேராபத்து. குறைக்கவேண்டிய தேவை ஏற்பட்டால் மருத்துவர்கள் அதனை மருத்துவமனையில், தம் கண்காணிப்பிலேயே செய்வர்.