பத்துக் கிலோ ஆகட்டும் என்று சொல்லாதே

அன்பு மாணவிக்கு,

கல்வராயன் மலையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஐந்து மாதப் பெண் குழந்தை, எடை நாலு கிலோவுக்கும் கீழே, இதயத்தின் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை. "பத்துக் கிலோ ஆனதும் தூக்கிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணலாம்" என்று டவுனில் யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த எடை வருவதற்கு என்ன கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்கிறாய். அதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதலில் அந்தப் பத்துக் கிலோவைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தால் வாய்ப்பை இழந்த குழந்தைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பெரிய ஓட்டை உள்ள குழந்தைக்கு முலைப்பால் குடிப்பதே மலையேறுகிற வேலை. நாலு வாய் உறிஞ்சும், மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், களைத்துத் தூங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் பசித்து அழும். சாதாரணக் குழந்தைக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி போதும். இதற்கு 120 முதல் 150 வரை வேண்டும். உள்ளே போவது குறைவு, செலவோ அதிகம். ஓட்டையை மூடாமல் எடை ஏறாது, எடை ஏறாமல் ஓட்டையை மூட மாட்டோம் என்றால் அந்தத் தாய் எங்கே போவாள்? ஊரில் சவலைக் குழந்தை என்பார்கள், மாந்தம் என்று மருந்து ஊற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்தவர்கள் இப்படிச் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எடை ஏறவே ஏறாதா என்று கேட்பாய். பிழைத்துக் கிடந்தால் ஒரு கட்டத்தில் ஏறும். பயப்பட வேண்டியது அப்போதுதான். அதிக அழுத்தத்தில் அதிக ரத்தம் பாய்ந்து பாய்ந்து நுரையீரல் ரத்தக்குழாய்களின் சுவர் தடிக்கிறது, உள்விட்டம் சுருங்குகிறது. உள்ளே தடை கூடக்கூட ஓட்டை வழியே பாய்கிற ரத்தம் குறைகிறது. குறைந்ததும் குழந்தை தேறுகிறது! அடிக்கடி வந்த சளி நிற்கும், மூச்சு வாங்காது, இதயத்தில் கேட்கும் மர்மர்கூட மெலிந்துவிடும். ஒரு வயது, இரண்டு வயது வாக்கில் இந்த மாற்றம் வரும். "சாமி புண்ணியத்துல புள்ள தேறிடுச்சு" என்று ஆயா சொல்வாள். அங்கன்வாடியில் எடை போட்டால் கோடு மேலே போகும். பத்துக் கிலோ ஆனதென்று தூக்கிக்கொண்டு போனால், நுரையீரல் அழுத்தம் மிஞ்சிவிட்டது, இனி மூட முடியாது என்பார்கள். சொன்னபடி காத்திருந்த தாய்க்குக் கிடைக்கிற பதில் இது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஐசன்மெங்கர் எழுதியதுதான் நினைவுக்கு வரும். 1897இல் வியன்னாவில் விக்டர் ஐசன்மெங்கர் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 32 வயது ஆண், கட்டான உடல். சிறு வயதிலிருந்தே உடம்பில் நீலம் பாய்ந்திருந்தது, ஓரளவு மூச்சு வாங்கியது. அப்படியே சமாளித்து வாழ்ந்தவர் 1894இல் உடல் வீங்கிப் படுத்தார், அதே ஆண்டு ரத்தம் கக்கி இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது கீழறைச் சுவரில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட ஓட்டை இருந்தது. அறுபது ஆண்டு கழித்து, 1958இல், லண்டனில் இதய மருத்துவர் பால் வுட், நுரையீரல் அழுத்தம் மிஞ்சி ஓட்டை வழியே ரத்தம் திசைமாறிப் பாயும் இந்த நிலையை விரிவாக ஆராய்ந்து ஐசன்மெங்கரின் பெயரையே அதற்கு நிலைநிறுத்தினார். வுட் அப்போது ஆற்றிய சொற்பொழிவுகளைத் தேடிப் படி. எக்கோ இல்லாத காலத்தில், கையையும் காதையும் கண்ணையும் முழுதாகப் பயன்படுத்தி ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரியும். உன் வயதுப் பிள்ளைகள் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படிக்கிறீர்கள், நோயாளியைத் தொடுவதில்லை. இதை என்னால் சொல்லாமல் இருக்க முடியாது.

ஐசன்மெங்கரின் நோயாளி ஆண். நம் மலையில் பெண்ணாக இருந்தால் கதை அவ்வளவு தூரம் போகாது. லேசாக உதடு கறுத்த பெண், "சின்ன வயசுல சளி வரும், அப்புறம் சரியாப் போச்சு" என்பாள். கல்யாணம் ஆகும், கர்ப்பமாகி உன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவாள். இந்த நிலையில் கர்ப்பமான பெண்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை இறந்ததாகப் பழைய கணக்குகள் சொல்கின்றன. பெரும்பாலும் பிரசவத்தின்போதும் அதை அடுத்த நாட்களிலும். அதனால்தான் சொல்கிறேன், கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போதே விரலில் ஆக்ஸிமீட்டரையும் மாட்டு. கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கருவி பெரும்பாலான நிலையங்களில் இருக்கிறது.

பத்துக் கிலோ என்கிற கணக்குக்கு இன்று எந்த ஆதாரமும் இல்லை. இந்தியக் குழந்தை இதய மருத்துவர்கள் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல், பெரிய ஓட்டையும் கடுமையான நுரையீரல் அழுத்தமும் இருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூடச் சொல்கிறது. மருந்துக்கு அடங்காத இதயச் செயலிழப்பு என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். உன் குழந்தைக்கு இப்போதே ஐந்து மாதம். வரலாற்றைப் பார்த்தாலும் அப்படித்தான். 1954 மார்ச்சில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அறுவை மருத்துவர் லில்லெஹெய் முதன்முதலாக இந்த ஓட்டையைத் திறந்த இதயத்தில் மூடியது ஒரு வயதுக் குழந்தைக்கு. அதுவும் பத்துக் கிலோ இல்லை. இதய-நுரையீரல் இயந்திரம் கிடையாது. தகப்பனின் ரத்தச் சுற்றோடு பிள்ளையின் ரத்தச் சுற்றை இணைத்து அறுவை நடந்தது. அந்தக் குழந்தை சில நாட்களில் நிமோனியாவில் இறந்துவிட்டது. ஆனாலும் அதே முறையில் செய்துகொண்ட 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு போனார்கள். எழுபது ஆண்டுக்கு முன் அவர்கள் துணிந்ததை இன்று நாம் எடை காட்டித் தள்ளிப்போடுகிறோம்.

இனி உன் கையில் இருப்பது. குழந்தை பிறந்த அன்று நீ ஸ்டெதஸ்கோப் வைத்து ஒன்றுமில்லை என்று எழுதியிருப்பாய், அதில் வியப்பில்லை. நுரையீரல் தடை குறைய நாலைந்து வாரம் ஆகும், அதுவரை பெரிய ஓட்டை பெரும்பாலும் சத்தம் போடாது. தடை குறைந்து குழந்தை திணறத் தொடங்குவது ஆறாவது வாரத்தை ஒட்டி. பிள்ளை பெற்றவள் அப்போது தன் தாய் வீட்டில் இருப்பாள்; பிரசவம் பார்த்தவர்கள் கண்ணில் படமாட்டாள். ஆனால் ஆறாவது வார ஊசிக்கு எந்த ஊரில் இருந்தாலும் வருவாள். தடுப்பூசி அட்டவணை போட்டவர்கள் இதயத்தை நினைத்துப் போடவில்லை. ஆனாலும் இதைவிடப் பொருத்தமான நாள் நமக்குக் கிடைக்காது. ஆறு, பத்து, பதினான்கு வாரம் என்று மூன்று தடவை குழந்தை உன் மேசைக்கு வருகிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதே.

அன்றைக்குத் துணியை விலக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணு. ஊசி போடுவதற்கு முன் எண்ண வேண்டும், அழுத பிறகு எண்ணிப் பயனில்லை. இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50 என்கிற எல்லை உனக்குத் தெரியும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா என்று தாயிடம் கேள். தொடையிடுக்கில் நாடி பார். இவ்வளவையும் கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லிக் கொடு. ஒரு மத்தியானம் போதும். ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது, அதனால் இதயம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே. அந்தக் கருவி நீலக் குழந்தையைப் பிடிக்கும். ஓட்டைக் குழந்தை இளஞ்சிவப்பாகவே இளைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. கிரகணத்தில் வெளியே போனாயா, சொந்தத்தில் கட்டினாயா என்று தாயை யாரும் உன் எதிரில் விசாரிக்க விடாதே. நெருங்கிய உறவில் மணம் முடித்தால் ஆபத்து ஓரளவு கூடும் என்பது உண்மைதான். அதைக் கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டும், நோயாளிக் குழந்தையை மடியில் வைத்திருப்பவளிடம் சொல்லக் கூடாது. அதற்குப் பதில், கர்ப்பத்தில் வந்தால் குழந்தையின் இதயத்தைக் கெடுக்கக்கூடிய ரூபெல்லாவைப் பற்றிப் பேசு. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸப் வதந்தியைக் கேட்டுப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தியவர்கள் பலர்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் இரண்டு மணிக்கொரு தரம் கொடுக்கச் சொல். உறிஞ்சுகிற உழைப்பு மிச்சமாகும். ஹீமோகுளோபின் பார்த்துச் சோகையைச் சரிசெய். நீர் இறக்கும் மருந்தான ஃப்ரூசமைடின் அளவை இப்போதைய எடைக்கு மறுபடி கணக்கிடு. இதெல்லாம் அறுவைக்குப் போகும்வரை குழந்தையைத் தாங்குவதற்கு மட்டும்தான். எடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் பயணம் நிற்கக் கூடாது. அறுவைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்கும்; தகப்பனின் கூலியையும் மூத்த பிள்ளைக்குச் சோறு போடுகிறவரையும் அது ஏற்காது. அவர்கள் போகாமல் இருந்தால் காரணம் அங்கேதான் இருக்கும், போய் விசாரி. பரிந்துரைக் கடிதத்தில் "இதய நோயாக இருக்கலாம்" என்று மொட்டையாக எழுதாதே. வயது, எடை, மூச்சு எண்ணிக்கை, ஓட்டையின் அளவு, எக்கோவில் கண்ட நுரையீரல் அழுத்தம், ஆறு மாதத்துக்குள் மூட வேண்டும் என்கிற உன் கருத்து, உன் கைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். எக்கோ ரிப்போர்ட்டைப் படம் எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பு. எங்கே அனுப்பலாம் என்று நான் பேசிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியன்